மேடைக்குப் போன சட்டை

என் வீட்டுக்காரர் மலேயாவுக்குப் புறப்பட்ட அன்று நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நல்லவளாகக் காட்டிக்கொண்டு கதை சொன்னேன் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. அறந்தாங்கி ஸ்டேஷனில் ரயில் நின்றது. அவர் தகரப் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோபத்துக்குக் காரணம் ஒரு துணித் துண்டு. முந்தின நாள் என் கூறைச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, அடுக்களை அரிவாள்மணையில் வைத்து, முந்தியில் நாலு விரல் அகலத்துக்கு அறுத்து எடுத்துக்கொண்டார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். தாலி கட்டும்போது உடுத்தின சேலையில் யாராவது கத்தி வைப்பார்களா?

"என்ன காரியம் பண்ணிட்டீங்க? அறிவிருக்கா ஒங்களுக்கு?" என்று கத்தினேன்.

"அங்கிட்டுப் போனா ஒன்னோடது எதுவும் என்கிட்ட இருக்காதுல்ல" என்றார்.

அதைக் கேட்டு உருகுகிற புத்தி எனக்கு அப்போது இல்லை. பதினேழு வயது. அபசகுனம் என்று பயந்தேன். பயத்தைக் கோபமாகக் காட்டத்தான் தெரிந்தது. அறுந்த இடத்தை மடித்துத் தைத்து, சேலையைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரே மகன். புறப்படுகிற நேரத்தில் இதைச் சொன்னால் அழுது தெருவையே கூட்டிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் சாமான் நிறுத்துப் போடும் வேலை அவருக்கு. மூன்றரை வருஷத்தில் மொத்தம் பதினொரு கடிதம் வந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் அத்தைக்கு நானே வாசித்துக் காட்டுவேன். மழை பெய்ததா, பசு கன்று போட்டதா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி, கொல்லைச் சுவரைப் பூசினீர்களா, இவ்வளவுதான் இருக்கும். பொண்டாட்டிக்கு என்று தனியாக ஒரு வரி எழுதத் தெரியாத மனிதர். பதினோராவது கடிதத்தில் மட்டும், கையெழுத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒன்று கேட்டிருந்தார். துணிக்காக வந்த கோபம் இன்னும் தீரவில்லையா என்று.

அந்த வரியை அத்தைக்கு வாசிக்கவில்லை. பதில் எழுதினேன். கோபமெல்லாம் என்றைக்கோ தீர்ந்துவிட்டது, வந்து சேருங்கள் என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டேன். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே இருந்தேன். அந்த மாதமே மலேயாவுக்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அதோடு கடிதம் நின்றது.

நாலு வருஷம். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்தார்கள். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் பெண்கள் எல்லாம் வாசலுக்கு வருவோம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அத்தை வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைத்துவிட்டுப் பழைய கடிதங்களை வாசிக்கச் சொல்வார். பசு கன்று போட்டதா என்று மகன் கேட்டதும், "போட்டுச்சுய்யா, காளக்கன்னு" என்று பதில் சொல்வார். அந்தக் கன்று வளர்ந்து வண்டி இழுக்கப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எங்களுக்கு ஒத்தாசையாக இருந்தவர் வாத்தியார். என் வீட்டுக்காரரோடு ஒரே பெஞ்சில் படித்தவர், ரயிலடிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. தாயுமில்லை, தாரமுமில்லை. மண்ணெண்ணெய் ரேஷனில் வரிசையில் நின்று வாங்கி வந்து வைப்பார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

அவருக்கு நாடகப் பித்து. பள்ளிக்கூடக் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் அவரும், சைக்கிள் கடைக்காரரும், தபால்காரரும் இன்னும் நாலைந்து பேரும் கூடி ஒத்திகை பார்ப்பார்கள். அதுவரை அவர்கள் போட்ட நாடகங்களில் ராஜாவும் ராட்சசனும்தான் வருவார்கள், இரண்டு பேருக்கும் ஒரே ஜிகினா உடுப்பு. போர் முடிந்த மறு தை மாதம் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்து, புதிதாக ஒன்று எழுதுகிறேன் என்றார்.

"மேடையில பாதி நம்ம ஊரு வீடு, அத்தை. மத்தப் பாதி கடலுக்கு அடியில இருக்கிற அரண்மனை" என்று அத்தையிடம் சொல்ல ஆரம்பித்தார்.

கப்பல் ஏறிப் போன ஒருவன் திரும்பவில்லை. அவன் பொண்டாட்டி கடற்கரையில் போய் நின்று அழுகிறாள். கடலரசன் மனம் இரங்கி ஒரு வரம் கொடுக்கிறான். தினம் அவள் விளக்கு ஏற்றியதும் புருஷன் வருவான். அவள் போடும் சோற்றைத் தின்பான், பேசுவான். விளக்கு அணைந்ததும் போய்விடுவான். ஒரே ஒரு நிபந்தனை. அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று அவள் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றோடு வருவது நின்றுவிடும்.

அத்தை முறத்தில் இருந்த உளுந்தை மறந்துவிட்டார். "கடைசில?" என்றார்.

"கடைசில அவ பொறுமையப் பாத்துட்டு, கடல் ராசா ஆளையே உசுரோட அனுப்பி வச்சுருவாரு."

"அப்படி எழுது. அதான் நல்லாருக்கும்" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வாத்தியார் என் பக்கம் திரும்பினார். கடிதங்களைக் கொஞ்ச நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டார். "புருசன் பொண்டாட்டிகிட்ட எப்படிப் பேசுவாருன்னு எனக்கு என்ன தெரியும், தங்கச்சி?"

"அவரு கடுதாசியப் படிச்சா ஒங்களுக்கு மாடு வளக்கத்தான் தெரியும்ண்ணே" என்றேன். அத்தை சிரித்துவிட்டார். பத்துக் கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். பதினோராவது கடிதம் கூறைச் சேலையின் மடிப்புக்குள் இருந்தது, அதை எடுக்கவில்லை.

அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பொண்டாட்டி வேஷம் சைக்கிள் கடைக்காரருக்கு. மீசையை எடுக்க மாட்டேன் என்று பத்து நாள் அடம்பிடித்து, கடைசியில் எடுத்துவிட்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஊருக்குள் நடந்தார். சோறு பரிமாறுவது எப்படி என்று என்னிடம் பார்த்துப் போக வந்தார். "இடுப்ப அப்படி ஆட்டாதீங்க, எந்த வீட்டுலயும் எவளும் அப்படி ஆட்டுறதில்ல" என்று அதட்ட வேண்டியிருந்தது. கடலரசன் வேஷம் தபால்காரருக்கு. நாலு வருஷமாக ஒரு கடிதம் கொண்டுவரத் துப்பில்லாதவர், மேடையில் புருஷனையே கொண்டுவந்து ஒப்படைக்கப் போகிறாராம். நான் அவரிடமே இதைச் சொன்னேன். பாவம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் உச்சிவெயிலில் துணி துவைக்கக் குளத்துக்குப் போயிருந்தேன். வாத்தியார் குளத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். போட்டிருந்த சட்டை வேட்டியோடு முழுக்குப் போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அப்படி முழுகினால் ஒரே அர்த்தம்தான். சாவுச் சேதி காதில் விழுந்தால், விழுந்த இடத்திலிருந்து நேரே தண்ணீருக்குப் போக வேண்டும். உடுத்தியதைக்கூட மாற்றக் கூடாது.

"யாருண்ணே தவறிட்டாங்க?" என்றேன்.

"வெளியூர்ல ஒருத்தரு" என்றார். முகத்தைத் துடைக்கவில்லை, தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சவங்களா?"

அவர் பள்ளிக்கூடத்து மணி அடித்துவிட்டது என்று சொல்லி நடந்துவிட்டார். அன்றைக்கு மணி அடித்த சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. எனக்குத் துவைக்கத் துணி நிறைய இருந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். நாடகத்துக்கு என் வீட்டுக்காரர் சட்டை ஒன்று வேண்டும் என்றார். புருஷன் வேஷம் அவருக்குத்தான். ஊரில் விட்டுப்போன கோடுபோட்ட அரைக்கைச் சட்டை ஒன்று இருந்தது. இடது தோளில் நான் வைத்துத் தைத்த ஒட்டு இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். அத்தை கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு எடம் எழுத வர மாட்டேங்குது" என்றார் மெதுவாக. "நெசமாச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு கேப்பாளா, மாட்டாளா?"

"எத?"

"ஆளு உசுரோட இருக்காரா, இல்லையான்னு."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நாடகத்தைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன், வேறு எதை நினைக்க முடியும்? "கேக்க மாட்டா. கேட்டு என்னத்தக் கண்டா? வாரவரைக்கும் வரட்டும்னு சோத்தப் போட்டுட்டுப் பேசாம இருப்பா" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எந்தப் பொம்பளையும் கேக்க மாட்டா."

சரி என்றார். சட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தங்கச்சி என்று அன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பங்குனியில் நாடகம். ரேஷன் மண்ணெண்ணெயில் நாலு பெட்ரோமாக்ஸ் எரிக்க முடியாது என்பதால், ரைஸ்மில் களத்தில் மேடை கட்டி, பகல் மூன்று மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். சிமெண்டுக் களம் காலைச் சுட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு கட்டிச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். அத்தை முட்டிவலியோடு நடந்து வந்து மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தார். மடியில் வறுத்த கடலை.

தபால்காரர் சிகரெட் பெட்டிக் காகிதத்தில் செய்த கிரீடத்தோடு வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். "எங்க வீட்டுக் கடுதாசி எங்கய்யா?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார். கடலரசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் சேலை கட்டி வந்து விளக்கு ஏற்றினார். வெயிலில் சுடர் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஏற்றிவிட்டேன் என்று அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் சட்டை மேடைக்கு வந்தது.

சட்டைதான் வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த ஒட்டு என் கையால் போட்டது. இருந்தாலும் சேலை முந்தியைச் சரிசெய்துகொண்டேன். அத்தை என் கையைப் பிடித்து, "பாருடி, அவன் மாதிரியே நிக்கிறான்" என்றார். வாத்தியார் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தது. பசு கன்று போட்டதா என்று கேட்டார். "போட்டுச்சுய்யா" என்று அத்தை இங்கிருந்து பதில் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொல்லைச் சுவர், முட்டிவலி, எல்லாம் கடிதத்தில் இருந்தபடியே வந்தது.

அதற்குப் பிறகு வந்தவை கடிதத்தில் இல்லாதவை. "நீ தூங்குறப்ப ஒன் வளையல் சத்தம் நின்னு போயிரும். அந்த நேரம்தான் எனக்குப் பயமா இருக்கும்" என்றார். "நீ கோவமா இருந்தாக்கூடச் சரி, இங்கனயே இரு" என்றார். என் வீட்டுக்காரர் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படிப் பேசுகிறவர் இல்லை. இது யார் பேச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தவள், சட்டென்று புரிந்து தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு சட்டைக்குள் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் என் புருஷன். இன்னொருவர் நான் அண்ணே என்று கூப்பிட்டவர்.

குனிந்த தலையை நிமிர்த்தியபோது அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். இடுப்பிலிருந்து எதையோ எடுத்து வாயைத் துடைத்தார். பிறகு அதைப் பொண்டாட்டி வேஷக்காரரிடம் நீட்டினார்.

"இத நீயே வச்சுக்க. இனிமே எனக்கு வேண்டியதில்ல."

நாலு விரல் அகலத் துணி. அரக்குச் சிவப்பு, அதில் மஞ்சள் கட்டம். ஒரு ஓரம் அரிவாள்மணையில் அறுத்தது, கோணலாக இருந்தது. சாயம் வெளுத்து, மடிப்பு மடிப்பாக அழுக்கேறியிருந்தது.

பத்துக் கடிதங்களில் அந்தத் துணியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பதினோராவது என்னிடம் இருந்தது. என்னையும் என் வீட்டுக்காரரையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த துணி அது. மலேயாவிலிருந்து அது தானாக வராது. அந்தப் பங்குனிக்கு முன்புதான் முதல் கப்பல்களில் ஆட்கள் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள். ஜெகதாப்பட்டினம் பக்கத்து ஆட்கள் சிலர் எங்கள் ஸ்டேஷனில் இறங்கிப் போனதாகக் கேள்விப்பட்டிருந்தேன். உச்சிவெயிலில் சட்டையோடு முழுகி எழுந்தவரின் முகம் நினைவுக்கு வந்தது. கேப்பாளா மாட்டாளா என்று அவர் கேட்டதும், நான் அரிசி களைந்துகொண்டே சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தன.

மேடையில் சைக்கிள் கடைக்காரர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். வாத்தியார் எழுந்து நின்றார், போகவில்லை. சொல்ல வேண்டிய வசனத்தைச் சொல்லாமல் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத்தான் பார்த்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து, "கேளு தாயி! உசுரோட இருக்கியான்னு கேளு!" என்று கூச்சல் எழுந்தது.

எனக்கு அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுந்து நின்று கேட்டிருப்பேன். மேடையில் இருந்த பொண்டாட்டிக்குப் பதிலாக நானே கேட்டிருப்பேன்.

"கேக்காதடி!" என்று அத்தை கத்தினார். கடலை சிதற, என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து, "ஏய், கேக்காதடி! கேக்கவே கேக்காத!" என்றார். பெண்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து கத்தினார்கள்.

நாடகத்தில் மூழ்கிப்போய்க் கத்துகிறார், மகன் வருவான் என்ற நம்பிக்கையில் கத்துகிறார் என்று நினைத்தேன். அந்த மனுஷிக்குப் பக்கத்தில் நின்று நான் எப்படிக் கேட்பேன்? நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேடையில் விளக்கை அணைத்தார்கள், அணைந்ததும் தெரியவில்லை. வாத்தியார் உள்ளே போனார். கடலரசன் ஆளை உயிரோடு அனுப்பும் கடைசிக் காட்சி வரவேயில்லை. படுதா விழுந்தது. இவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டே ஜனங்கள் கலைந்தார்கள்.

எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. அது இன்றைக்கும் முழுக்கப் போகவில்லை. ஒரு பெண்ணிடம் உன் புருஷன் செத்துப்போனான் என்று சொல்ல ஊரைக் கூட்டி மேடை போட வேண்டுமா? அதிலேயே தன் ஆசையையும் கலந்து வைக்க வேண்டுமா? ஆனால் ஆற அமர யோசித்தால், அவருக்கு வேறு வழியும் இல்லை. அந்தச் சேதியை எங்கள் வாசலில் வந்து சொன்னால், அடுத்த நிமிஷம் தெருப் பெண்கள் கூடி என் பொட்டை அழித்திருப்பார்கள். அதைச் செய்ய வைத்தவராகத் தான் இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். சொல்லாமல் இருந்தாலும் என்னை ஏமாற்றியதாகும். அதனால் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை என் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நாலாம் நாள் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார். வாசலோடு நின்றார்.

"ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார்.

உள்ளேயிருந்து அத்தை, "யாரு ஆத்தா வந்திருக்கா?" என்றார்.

"வாத்தியாரு. சட்ட கொண்டாந்திருக்காரு" என்று திரும்பிச் சொல்லிவிட்டு, "ஒண்ணும் கேக்கணும்னு இல்லைங்க" என்றேன். அண்ணே என்று கூப்பிட வாய் வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சட்டைப் பையில் அந்தத் துணி இருந்தது.

அந்த வருஷமே கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து ஊரை விட்டுப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் பழையபடி இருந்தோம். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துக் கடிதம் வாசித்தேன். அத்தை மகனுக்குப் பதில் சொன்னார். நான் பூ வைத்துக்கொண்டேன், மஞ்சள் பூசினேன். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அழ வேண்டும் என்றால் மாட்டுக்குப் புல் அறுக்கப் போவேன். இரண்டு வருஷம் அந்த மனுஷிக்காக நான் நடித்தேன். சைக்கிள் கடைக்காரரை விட நன்றாகவே நடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருஷம் ஆடியில் அத்தை படுத்துவிட்டார். எதுவும் இறங்கவில்லை. ஒரு நாள் காலையில், மோரைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்கிட்டு வா. அன்னைக்கு நாடகத்துல வாத்தியாரு ஒரு துணி எடுத்தாரே. அது ஒன் கூறச் சேலதான?"

கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடையில போயி அந்தச் சேலைய எடுத்ததே நான்தானடி. அவன் ரயிலேறின மறுநாளு பொட்டியத் தொறந்து பாத்தேன். நீ முந்திய மடிச்சுத் தச்சிருந்த. எவன் வேலைன்னு எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏன் அத்தை கேக்காதடின்னு கத்துனீங்க?"

"ஒன் மொகத்தப் பாத்தேன். எந்திரிச்சுக் கேட்டுருவேன்னு தெரிஞ்சுச்சு. கேட்டிருந்தா அங்கனயே ஒன் பூவப் பறிச்சிருப்பாளுக. இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைய மூலையில ஒக்கார வச்சிருப்பாளுக." மூச்சு வாங்கியது. "என் மகனுக்கு நான் ஒரு நாள்கூட அழலடி. நான் அழுதா நீ தெரிஞ்சுக்குவேன்னு அழல."

நான் அப்போதுதான் அவர் மடியில் விழுந்து அழுதேன். அவரும் அழுதார். இரண்டு வருஷம் அடக்கி வைத்த அழுகை, அதுவும் சத்தம் வெளியே போகாமல் அழ வேண்டியிருந்தது.

"நான் போனப்பறமும் பொட்ட அழிக்காத. கேக்குறவகிட்ட வருவாருன்னு சொல்லு" என்றார். நான் சரி என்று சொல்லும்வரை கையை விடவில்லை. உச்சிப்பொழுதுக்குள் போய்விட்டார்.

உடம்பு முடியவில்லை என்று தபால்காரர் போட்ட கடிதத்தைப் பார்த்துவிட்டு வந்த வாத்தியார், சாவுக்கு வந்து சேர்ந்தார். பங்காளி ஒருவர் கொள்ளி எடுத்தார். ஆண்கள் பாடை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாக நின்றிருந்தவரிடம் போனேன்.

"எந்த மாசம்?" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. "ஐப்பசி. கடுதாசி நின்னதுக்கு ரெண்டாம் வருசத்து ஐப்பசி. சப்பான்காரன் ரயில் ரோடு போடச் சயாம் பக்கம் பிடிச்சுட்டுப் போயிருக்கான். காய்ச்சல். கூட இருந்த ஜெகதாப்பட்டினத்து ஆளுதான் பொதச்சிருக்காரு. ரயிலடில என்கிட்ட துணியக் குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து சொல்ல மனசு வரலைன்னு போயிட்டாரு."

"அவரு எனக்கு ஏதாச்சும் சொல்லி அனுப்புனாரா?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "கோவம் தீந்துச்சான்னு கேக்கச் சொன்னாராம்."

அப்படியென்றால் என் பதில் போய்ச் சேரவில்லை. கேள்வியை வைத்துக்கொண்டே போயிருக்கிறார்.

"இத ஏங்க அன்னைக்கே சொல்லல?" என்று கத்திவிட்டேன். சாவு வீடு, யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

"நீங்க கேக்க மாட்டேன்னு சொன்னீங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் பிறகு கல்யாணம் செய்துகொண்டாரா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. கேட்கக் கூடாதவற்றில் அதையும் சேர்த்துவிட்டேன்.

பாடை போன பிறகு பெண்கள் எல்லோரும் குளத்துக்குப் போனோம். உடுத்திய சேலையோடு எல்லோரும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். நான் ஒரு முழுக்குப் போட்டேன். அது அத்தைக்கு. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை முழுகினேன். தண்ணீருக்குள்ளேயே, "தீந்துச்சுங்க, கோவம் என்னைக்கோ தீந்துச்சுங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். வாயில் தண்ணீர் புகுந்தது.

எழுந்து வந்தபோது, "மாமியா மேல என்ன பாசம் பாரு, ரெண்டு முழுக்குப் போடுறா" என்று கரையில் பேசிக்கொண்டார்கள். பொட்டு தண்ணீரில் கரைந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து, ஈரச் சேலையோடு கண்ணாடி முன்னால் நின்று, குங்குமத்தை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டேன்.